பலகைக்கு முன்னால் மணல்: அரியமானில் கைட் பழகும் முதல் மதியம்

பெரிய இறக்கையில் தொங்கிப் பறக்கும் ஹாங் கிளைடரில் மிதக்கப் பொதுவாக மலைச்சரிவு வேண்டும். எங்கள் இராமநாதபுரக் கரையோ தட்டை. இராமேசுவரத்தின் கந்தமாதன பர்வதம்கூட ஏறிப் பார்த்தால் ஒரு மேடுதான். ஆனால் காற்றுக்குப் பஞ்சமில்லை. அதனால் இங்கே நாங்கள் சில பேர் சேர்ந்து கைட் சர்ஃபிங், அதாவது பெரிய பட்டம் (கைட்) இழுக்கப் பலகையில் நின்று கடலில் சறுக்குவது, பழகினோம். புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே பலகையோடு கடலுக்குள் இறங்கத் துடிக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். முதல் மதியத்தை முழுக்க மணலுக்கே கொடுங்கள்.

கரையைத் தேர்ந்தெடுப்பது

மண்டபம் பக்கம் நிலம் ஒடுங்கிப் போகிறது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தை மாதம் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும்போது, வடகரையில் இருக்கும் அரியமானில் அது கடலிலிருந்து கரைக்கு வீசும். ஆடியில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது அதே இடத்தில் காற்று உங்களைக் கடலுக்குள் தள்ளும். கரையிலிருந்து கடலுக்குப் போகும் காற்றில் ஒருபோதும் பழகாதீர்கள். சந்தேகமாக இருந்தால் வலை உலர்த்தும் அண்ணனிடம் கேளுங்கள். இந்தக் காற்றோடு தினமும் தொழில் செய்கிறவர் அவர்.

காற்றைப் படிப்பது

காற்றை நோக்கி நில்லுங்கள். இரண்டு காதிலும் ஒரே அளவு இரைச்சல் கேட்டால், அதுதான் காற்று வரும் திசை. மணலில் பழகும் சின்னப் பயிற்சிக் கைட்டுக்கு 8 முதல் 12 நாட், அதாவது மணிக்கு 15 முதல் 22 கிலோமீட்டர் போதும். வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்காகும். கடலில் வெள்ளை நுரை நிறையத் தெரிந்தால் அன்றைக்கு வேடிக்கை மட்டும் பாருங்கள்.

விரிப்பது

கடலுக்கு முதுகு காட்டி, நீர் விளிம்பிலேயே நில்லுங்கள். கைட் உங்களுக்கு முன்னால் கரைப்பக்கம் இருக்கும். சவுக்கு மரங்களுக்கும் கைட்டுக்கும் நடுவே இன்னொரு கயிற்று நீளமாவது காலியாக இருக்கட்டும். மின்கம்பி, கருவாடு காயும் இடம் எதுவும் அருகில் வேண்டாம். கைட்டை மல்லாக்கப் போட்டு, உங்கள் பக்கமுள்ள ஓரத்தில் இரண்டு கை மணல் அள்ளி வையுங்கள். கயிற்றைக் கடைசி வரை நடந்து சிக்கெடுங்கள். கயிறுகள் கட்டிய கைப்பிடிக் கம்புதான் பார். அதன் சிவப்பு முனை இடது கைக்கு.

பறக்கவிடுவது

உங்களுக்கு முன்னால் ஒரு பெரிய கடிகாரம் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உச்சந்தலைக்கு மேலே 12, இடது ஓரம் 9, வலது ஓரம் 3. ஓரங்களிலும் உச்சியிலும் கைட் சாதுவாக இருக்கும். நடுவில் தாழ்வாகப் பாய்ந்தால்தான் ஆளையே இழுக்கும். இந்த ஒன்று உடம்புக்குப் புரிந்துவிட்டால் பாதி கைட் சர்ஃபிங் வந்துவிட்டது என்பேன்.

இரண்டு எட்டு பின்னால் வைத்து எழுப்பி, முதலில் 12-இல் அசையாமல் நிறுத்துங்கள். அப்புறம் 10-க்கும் 2-க்கும் இடையே மெதுவாக. இடது கையை இழுத்தால் இடப்பக்கம் திரும்பும். சைக்கிள் ஹேண்டில் மாதிரி முறுக்கக் கூடாது. அது பழகியதும் கைட்டைப் படுத்த 8 எண் வடிவில் பறக்கவிடுங்கள். கடைசியாக, கைட்டைப் பார்க்காமல் பக்கத்திலிருக்கும் நண்பரோடு பேசிக்கொண்டே ஒற்றைக் கையில் பறக்கவிடுங்கள். பின்னாளில் தண்ணீரில் உங்கள் கண்ணும் ஒரு கையும் பலகைக்கு வேண்டும்.

கைட் அடங்கவில்லையா, பாரை விட்டுவிடுங்கள். மணிக்கட்டுப் பட்டை அதைப் பிடித்துக்கொள்ளும், கைட் துவண்டு விழும். கயிற்றை மட்டும் கையால் பிடிக்காதீர்கள். முதல் நாள் நான் பிடித்தேன். விரலில் தோல் கிழிந்து, ஒரு வாரம் சோறு பிசைய முடியவில்லை.

நண்பர்களோடு

ஒருவர் பறக்கவிட, ஒருவர் பின்னால் நின்று ஆள் வருகிறதா என்று பார்க்க வேண்டும். கட்டைவிரல் உயர்த்தினால் ‘எழுப்பு’. தலையைத் தட்டினால் ‘இறக்க வருகிறேன், பிடி’. காற்றில் குரல் கேட்காது, அதனால் இதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் கயிற்றைப் பாரில் எட்டு வடிவில் சுற்றுங்கள். ஒரே திசையில் சுற்றினால் முறுக்கேறி, அடுத்த வாரம் அரை மணி நேரம் சிக்கெடுப்பதிலேயே போய்விடும். மணலை உதறி, ஈரம் காய்ந்த பிறகு பையில் வையுங்கள்.