விமானமாக மாறும் பழைய ரோபோ பொம்மையை மதிப்பிடுவது எப்படி?

பழைய டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மை ஒன்று கைக்குக் கிடைத்ததும், அதை விமானத்திலிருந்து ரோபோவாக மாற்றிப் பார்க்கவே விரல்கள் துடிக்கும். அந்த ஆசையை அரை மணி நேரமாவது அடக்கிக்கொள்ளுங்கள். நாற்பது ஆண்டு வயதான பிளாஸ்டிக்கின் மூட்டுகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்க்காமல் மடக்கினால், மதிப்பிட வந்தவரே பொருளை உடைத்துவிட்டு நிற்க நேரும். ஆகவே முதலில் கண்ணால் பார்ப்பது, பிறகு விரலால் தொடுவது, கடைசியில்தான் மூட்டை அசைப்பது என்ற வரிசையிலேயே இந்த விளக்கம் செல்கிறது. எடுத்துக்காட்டுக்கு இரண்டு பொம்மைகளை வைத்துக்கொள்வோம்: 1984இல் வெளிவந்த ஸ்டார்ஸ்க்ரீம், 1985இல் வெளிவந்த ஜெட்ஃபயர். நல்ல வெளிச்சம், ஒரு பூதக்கண்ணாடி, மென்மையான துணி, ஒரு வெள்ளைத்தாள் ஆகியவை போதும். வெள்ளைத்தாள் எதற்கு என்பது நான்காம் படியில் தெரியும்.

முதல் படி: இது எந்தப் பொம்மை?

கேள்வி எளிதாகத் தோன்றினாலும், தொடக்கநிலையாளர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1984இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசையைத் தொடங்கியபோது, பொம்மைகளைப் புதிதாக வடிவமைக்கவில்லை. ஜப்பானின் டகாரா நிறுவனம் டயாக்ளோன், மைக்ரோ சேஞ்ச் என்ற பெயர்களில் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்தவற்றைப் பெருமளவில் எடுத்துக்கொண்டது. எஃப்-15 போர் விமானமாக மாறும் ஸ்டார்ஸ்க்ரீமும் டயாக்ளோனிலிருந்து வந்ததே. அதே வார்ப்பு அச்சில், நிறத்தை மட்டும் மாற்றி, நீல நிறத் தண்டர்கிராக்கரும் கறுப்பும் ஊதாவும் கலந்த ஸ்கைவார்ப்பும் வந்தன. அடுத்த ஆண்டு அந்த அச்சின் இறக்கைகளையும் சில பகுதிகளையும் மாற்றி ராம்ஜெட், டர்ஜ், த்ரஸ்ட் ஆகிய மூன்றையும் வெளியிட்டார்கள். உறுப்புகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பொருந்திவிடும் என்பதால், ஒரு பொம்மையின் பாகம் இன்னொன்றில் ஏறியிருப்பது சர்வசாதாரணம்.

ஜெட்ஃபயரின் கதை வேறு. ஜப்பானியத் தொலைக்காட்சியில் 1982இல் ஒளிபரப்பான மாக்ராஸ் தொடரின் வால்கைரி விமானத்தை டகடோகு நிறுவனம் 1/55 அளவில் பொம்மையாக்கியிருந்தது. அதுவே ஜெட்ஃபயராக மாறியது. எனவே ஜெட்ஃபயரில் டகாராவின் முத்திரையைத் தேடிவிட்டு, அது இல்லை என்பதற்காகப் போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தொடக்கத்தில் வந்தவற்றின் இறக்கையில் மாக்ராஸ் தொடரின் சின்னம் இருந்ததும் இதனால்தான். சேகரிப்பாளர்கள் அந்தச் சின்னம் உள்ளவற்றைத் தனி வகையாகவே கருதுகிறார்கள்.

இரண்டாம் படி: அசலா, மறுவெளியீடா, போலியா?

உடலில் பொறிக்கப்பட்டுள்ள உரிமை முத்திரையைப் பூதக்கண்ணாடியால் படியுங்கள். அசலில் எழுத்துகள் சிறியவையாக இருந்தாலும் விளிம்பு கூர்மையாக இருக்கும். போலியில் அவை மழுங்கியிருக்கும். பல சமயம் முத்திரை இருந்த இடமே வழவழப்பாக அழிக்கப்பட்டிருக்கும். முத்திரையில் காணும் ஆண்டு உரிமை பெற்ற ஆண்டைத்தான் குறிக்கும், தயாரித்த ஆண்டை அன்று என்பதை மறக்க வேண்டாம். பழைய அச்சையே பயன்படுத்தி 2000களின் தொடக்கத்தில் டகாராவும் ஹாஸ்ப்ரோவும் பல பொம்மைகளை மறுபடி வெளியிட்டன; அவற்றை நாணயமாக விற்பவர்களும் உண்டு, பழையது என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. அப்போது ஹாஸ்ப்ரோ வெளியிட்டவற்றில், குழந்தைகளின் தொண்டையில் சிக்காதிருக்க ஏவுகணைகளை நீளமாக்கியிருந்தார்கள். பழையதாகச் சொல்லப்படும் பொம்மையுடன் அத்தகைய நீண்ட ஏவுகணைகள் இருந்தால், குறைந்தபட்சம் அந்தப் பாகங்களாவது பின்னர் சேர்ந்தவை என்று கொள்ளலாம்.

1985 முதல் பொம்மைகளில் ஒரு சிறிய சதுர ஒட்டுச்சின்னம் வந்தது. விரலால் தேய்த்துச் சூடாக்கினால், கறுப்பு மறைந்து, கதையின் இரு எதிரெதிர் அணிகளான ஆட்டோபாட் அல்லது டிசெப்டிகானின் முகச் சின்னம் தோன்றும். அன்றைய போலிகளிலிருந்து அசலைப் பிரித்துக் காட்டவே அதை ஒட்டினார்கள். ஆனால் இது இல்லாததால் மட்டும் ஒரு பொம்மை போலியாகிவிடாது: 1984இல் வந்த ஸ்டார்ஸ்க்ரீமில் அது இருக்காது. தேய்த்தும் முகம் தெரியாவிட்டால் சின்னம் வெயிலில் கெட்டிருக்கலாம். அந்த மெல்லிய படலம் எளிதில் உரியும் என்பதால் நகம் படாமல், விரல் நுனியை மெதுவாக வைத்து அழுத்தினாலே போதும்.

மூன்றாம் படி: எவை குறைகின்றன?

ஸ்டார்ஸ்க்ரீமின் இறக்கைகள், வால் துடுப்புகள், ஏவுகணைக் குழல்கள், ஏவுகணைகள், கைமுட்டிகள் ஆகிய யாவும் தனித்தனியே கழன்று வருபவை. இவற்றில் முதலில் தொலைவது கைமுட்டிகள்தாம். விமானமாக மாற்றும்போது அவற்றைக் கழற்றி வைக்க வேண்டும். கழற்றி வைத்த பொருளைப் பத்து வயதுச் சிறுவன் எங்கே வைத்தான் என்பது அவனுக்கே தெரியாது. ஜெட்ஃபயருக்கோ முகக்கவசம், துப்பாக்கி, இறக்கைக்குக் கீழ் மாட்டும் ஏவுகணைகள், உடலெங்கும் பூட்டும் சிவப்புக் கவசத் துண்டுகள் என்று பட்டியல் நீளும். அதே அச்சில் மாக்ராஸ் பெயரில் வந்த வால்கைரிகளின் துண்டுகளும் இதற்குப் பொருந்துவதால், முழுமையாக இருப்பது வேறு, எல்லாம் ஒரே பொம்மைக்கு உரியவையாக இருப்பது வேறு.

இந்த வேறுபாட்டை நான் கற்றுக்கொண்டது சொந்தப் பணத்தில்தான். எந்தப் பாகமும் குறையாத ஒரு ஸ்டார்ஸ்க்ரீமை வாங்கி மேசை விளக்கின் கீழ் வைத்தபோது, இடது இறக்கையின் சாம்பல் நிறம் மங்கலாகவும், வலது இறக்கையின் சாம்பல் நிறம் ஒருவிதக் குளிர்ந்த பளபளப்புடனும் தெரிந்தது. வலது இறக்கையைச் செருகும் முனையில் தேய்மானமே இல்லை. இடது முனையில் ஆண்டுக்கணக்காகச் செருகிக் கழற்றிய வெள்ளைக் கீறல்கள். வலது இறக்கை மறுவெளியீட்டிலிருந்து வந்திருக்க வேண்டும். அன்றிலிருந்து எந்தப் பாகத்தையும் அதன் செருகுமுனையைப் பார்க்காமல் நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

நான்காம் படி: பிளாஸ்டிக்கின் நிறம்

இந்தப் படிக்கே அதிக நேரம் கொடுங்கள். இத்தகைய பொம்மைகளில் பயன்பட்ட ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் உள்ள பியூட்டாடையீன் என்ற கூறு, புற ஊதாக் கதிரும் வெப்பமும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் படப்பட மெல்லச் சிதைந்து மஞ்சளாகிறது. வெள்ளை உடல் கொண்ட ஜெட்ஃபயர் இதற்குப் பேர்போனது; பெட்டியை விட்டு வெளியே எடுக்கப்படாதவையும் சில சமயம் மஞ்சளாகியிருக்கும். அதனால் ‘பிரிக்கவே இல்லை’ என்ற சொல் மட்டும் வெண்மைக்கு உத்தரவாதம் ஆகாது.

வெள்ளைத்தாளை இப்போது எடுங்கள். பொம்மையை அதன் மேல் கிடத்திச் சன்னலோரத்தின் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் விளக்கின் கீழ் எல்லாமே மஞ்சளாகவும், வெண்ணிற எல்.ஈ.டி.யின் கீழ் எல்லாமே வெள்ளையாகவும் ஏமாற்றும். பிறகு, வெளிச்சம் எட்டாத இடத்தை வெளிச்சம் பட்ட இடத்தோடு ஒப்பிடுங்கள். கவசத் துண்டு மூடியிருந்த மார்பு, மடிந்திருந்த காலின் உட்புறம், ஏவுகணை மாட்டியிருந்த இறக்கையின் அடிப்பகுதி ஆகியவற்றில் அசல் நிறம் ஒளிந்திருக்கும். ஒரு கால் வெண்மையாகவும் மற்றொரு கால் தந்த நிறமாகவும் இருந்தால், இரண்டு பொம்மைகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்களோ என்று ஐயப்படலாம். ஆனால் அதுவே முடிவான சான்று அன்று, ஏனெனில் ஒரே பொம்மையின் வெவ்வேறு பாகங்களும் வெவ்வேறு வேகத்தில் நிறம் மாறுவதுண்டு.

மாறாக, எங்கும் ஒரே சீரான பளீர் வெண்மை தெரிந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெளுக்க வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். சரியாகப் பூசாதவற்றில் மேகத் திட்டுகள் போன்ற வெளுப்பு தெரியும், ஸ்டிக்கரின் ஓரங்களும் நிறமிழந்திருக்கும். வெளுத்த பொம்மை காலப்போக்கில் மறுபடி மஞ்சளாகக்கூடும். காட்சிக்கு வைக்க மட்டும் வாங்குபவருக்கு அது பெரிய குறையன்று. முதலீடாக வாங்குபவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஐந்தாம் படி: ஸ்டிக்கர்

ஸ்டிக்கர்களில் பலவற்றைப் பொம்மையை வாங்கிய சிறுவனே ஒட்டியிருப்பான், ஆகவே சற்றுக் கோணலாக இருப்பது இயல்பு. நூல் பிடித்தாற்போல் நேராகவும், பளபளவென்று புதிதாகவும் இருப்பவைதான் பின்னாளில் அச்சிட்டு விற்கப்படும் மாற்று ஸ்டிக்கர்களாக இருக்க வாய்ப்பு அதிகம். அவற்றை ஒட்டியிருப்பது தவறில்லை, சொல்லாமல் விற்பதுதான் தவறு.

ஆறாம் படி: மூட்டுகள்

இப்போது பொம்மையைத் தொடலாம். ஸ்டார்ஸ்க்ரீமின் ஆரஞ்சு நிறக் கண்ணாடி போன்ற விமானிக்கூட மூடி முதலில் கவனிக்க வேண்டியது. டயாக்ளோனில் அதற்குள் ஒரு குட்டி விமானி உட்கார்ந்திருப்பான். அதற்காகவே அது திறக்கிறது, திறப்பதாலேயே உடைகிறது. முழுவதும் திறக்காமல், கீலின் இருபுறமும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பிறகு திருகுகளைச் சுற்றிலும் துரு உள்ளதா, திருகின் தலையில் திறந்த கீறல் உள்ளதா என்று நோக்குங்கள். கீறல் இருந்தால் உள்ளே ஏதோ பழுது பார்க்கப்பட்டிருக்கிறது.

மூட்டை அசைக்கும்போது, அசையும் இடத்துக்கு மிக அருகில் பிடித்துச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். இறக்கையின் நுனியைப் பிடித்து இழுத்தால் முழு விசையும் செருகுமுனையில் விழுந்து அது முறியும். மடிப்பில் பிளாஸ்டிக் வெளுத்துக் கோடாகத் தெரிந்தால் அங்கே நிறுத்திவிடுங்கள். அது அழுத்தம் தாங்காமல் உள்ளே பிளவுபடத் தொடங்கியதன் அடையாளம். பொன்னிறத் துகள்கள் கலந்த பிளாஸ்டிக்கில் செய்த 1980களின் பிற்பகுதி, 1990களின் பொம்மைகளை நான் அசைப்பதே இல்லை. அவற்றில் சில, தொட்டாலே பிஸ்கட் போலப் பொடியாகிவிடும்.

ஏவுகணை பாயவில்லை என்றால் கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் விற்றவற்றில் பாதுகாப்புக்காக ஸ்பிரிங்கை வேண்டுமென்றே வலுவிழக்கச் செய்திருந்தார்கள்.

ஏழாம் படி: பெட்டியும் விலையும்

பெட்டி இருந்தால், பின்புறத்தில் பாத்திரத்தின் விவரக் குறிப்பும், சேர்த்து அனுப்பிப் பொம்மை வாங்குவதற்கான புள்ளிச் சின்னமும் வெட்டி எடுக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். அன்றைய சிறுவர்கள் கத்தரிக்கோலுடன் அதற்காகவே காத்திருந்தார்கள். விவரக் குறிப்பிலுள்ள வரைபடத்தைப் படிக்கத் தரப்பட்ட சிவப்புப் படலம் உள்ளே இருந்தால் அது போனஸ்.

விலையைப் பொறுத்தவரை, விற்பவர்கள் கேட்கும் தொகையைப் பார்க்காமல், இதே பொம்மை இதே நிலையில் அண்மையில் எவ்வளவுக்கு விற்று முடிந்தது என்பதை மட்டும் பாருங்கள். குறையுள்ளதை மலிவாக வாங்கிப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுபவர்கள், ஒவ்வொரு கைமுட்டிக்கும் ஒவ்வொரு ஏவுகணைக்கும் தனித்தனியே கேட்கப்படும் விலையை ஒரு தாளில் எழுதிக் கூட்டிவிட்டு முடிவெடுக்கட்டும். ஜெட்ஃபயரின் கவசத் துண்டுகளுக்காக நான் போட்ட கூட்டல், முழுமையான ஒன்றின் விலையைத் தாண்டிய பிறகும் முகக்கவசம் பட்டியலில் மிச்சமிருந்தது.