பூம்புகார் புத்த விகாரையின் இடிபாடுகளைப் பார்க்கும் முறை

காவிரிப்பூம்பட்டினத்தின் பல்லவனேசுவரத்தில், 1960களில் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் வெளிப்பட்ட புத்த விகாரையில் இன்று எஞ்சியிருப்பவை பெரும்பாலும் செங்கல் அடித்தளங்களே என்பதால், கோபுரத்தையோ சிலையையோ தேடாமல் தரையமைப்பைப் படிக்கவே முதலில் பழக வேண்டும்.

காலையிலோ மாலையிலோ செல்லுங்கள்; சாய்ந்த வெயிலில் விழும் நிழல், உச்சிவெயிலில் மறைந்துபோகும் சுவர் விளிம்புகளைத் தெளிவாகக் காட்டும். உள்ளே நுழையும் முன் சுற்றிலும் ஒருமுறை நடந்து, வரிசையாக அமைந்த அறைகள் எவை, அவற்றுக்கு முன்னுள்ள பொதுத் தாழ்வாரம் எது என்று கண்டுகொண்டு, கையால் ஒரு வரைபடம் வரையுங்கள். அறைகள் துறவிகளின் உறைவிடங்கள். இதை மனத்தில் கொண்டால் வெற்றுச் செங்கல் வரிசையும் மனிதர் வாழ்ந்த இடமாகத் தோன்றத் தொடங்கும்.

அடுத்து, செங்கற்களின் அளவையும் அடுக்கும் முறையையும் ஒப்பிடுங்கள். ஓரிடத்தில் அவை மாறினால், பிற்காலத்தில் கட்டிய பகுதியாகவோ அண்மைப் பராமரிப்பாகவோ இருக்கலாம்.

இங்கே கிடைத்த சுண்ணாம்புக்கல் புத்தபாதத்தைப் பற்றி முன்பே படித்துச் செல்வது மிகவும் நல்லது. புத்தரை உருவமாக வடிக்காமல் பாதச்சுவடுகளால் குறித்த பழைய மரபை அது நினைவூட்டுகிறது.

சுவர்கள்மீது ஏறாதீர்கள்; ஓட்டுத்துண்டு கண்ணில் பட்டாலும் எடுக்காதீர்கள், ஏனெனில் கிடந்த இடத்தை இழந்த பொருள் தன் சான்றில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது.