தீக்கடைகோல்: மரத்தோடு மரம் உரசி நெருப்பு எடுக்கும் முறை

தீக்கடைதல் என்ற சொல்லிலேயே செய்முறை இருக்கிறது. மத்தில் கயிறு சுற்றித் தயிர் கடைவதுபோல, கோலில் கயிறு சுற்றிக் கட்டையின் மேல் கடைய வேண்டும். ஒருவர் கோலை மேலிருந்து அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் கயிற்றை மாறி மாறி இழுப்பது பழைய முறை. வேள்விகளில் அரணி என்னும் தீக்கடைக் கட்டையைக் கடைவது இப்படித்தான். தனியாளாகக் கற்பவர் கயிற்றை வில்லில் கட்டிக்கொள்வது சுலபம். உள்ளங்கைகளுக்கு நடுவே கோலை உருட்டும் முறை பிறகு இருக்கட்டும். அதில் நெருப்புக்கு முன் கொப்புளம் வந்துவிடும்.

மரத்தைச் சரியாகத் தேர்ந்தால் பாதி வேலை முடிந்தது. நன்றாக எரியும் மரம்தானே என்று வேம்பையோ கருவேலத்தையோ எடுப்பவர்கள் ஏமாறுகிறார்கள். இங்கே தேவை தூள். உரசும்போது மரம் தேய்ந்து உதிர வேண்டும். அந்தத் தூள்தான் கனலாகும். எருக்கு, நீர்ப்பருத்தி, கல்யாண முருங்கை போன்ற மென்மரங்கள் ஏற்றவை. நகத்தால் அழுத்தினால் தடம் பதிய வேண்டும். விரலிலேயே நொறுங்கினால் அது உளுத்தது, ஆகாது. மரத்தில் நின்றபடியே காய்ந்த கிளையை எடுங்கள். தரையில் கிடந்தது ஈரம் குடித்திருக்கும். ஈரம் இருக்கும்வரை நீங்கள் உண்டாக்கும் சூடு நீரை ஆவியாக்கவே செலவாகும். 100 டிகிரியைத் தாண்டுவது கடினம். கனலுக்கு ஏறத்தாழ 400 டிகிரி வேண்டும். எருக்கம்பால் கண்ணுக்குக் கேடு, பச்சைத் தண்டை வெட்டாதீர்கள். அரளி வேண்டவே வேண்டாம், அதன் புகையும் நஞ்சு.

அடிக்கட்டை ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான நீளம், 5 செ.மீ. அகலம், ஒன்றரை செ.மீ. கனம். கோல் 20 முதல் 25 செ.மீ. நீளத்தில், கட்டைவிரல் பருமனில், வளைவில்லாமல் இருக்கட்டும். மேல்முனை கூராகவும் கீழ்முனை மழுங்கலாகவும் சீவுங்கள். மேலே அழுத்திப் பிடிக்கச் சின்னக் கொட்டாங்கச்சி போதும். அதன் உட்குழியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுங்கள். அங்கே உராய்வு வீண். எண்ணெய் பட்ட முனையைத் தப்பித்தவறியும் கீழே திருப்பிவிடாதீர்கள். வில்லுக்கு 60, 70 செ.மீ. நீளமுள்ள, எளிதில் வளையாத குச்சி. கயிறு கற்றாழை நாரில் இறுக்கமாகத் திரித்ததாக இருந்தால் நல்லது. கோலை ஒரு சுற்றுச் சுற்றியதும், விட்டால் தெறித்துவிடும் அளவுக்கு விறைப்பு வேண்டும்.

கட்டையின் ஓரத்திலிருந்து அரை விரல் உள்ளே சிறு குழி தோண்டி, கோலை வைத்துப் புகை வரும்வரை கடையுங்கள். குழி வட்டமாகக் கருகியதும் நிறுத்தி, கட்டையின் ஓரத்திலிருந்து குழியின் மையத்தை நோக்கி ஆப்பு வடிவில் ஒரு வெட்டு. வட்டத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு அளவு இருக்கட்டும், அடிப்பக்கம் சற்று விரியட்டும். இந்த வெட்டு இல்லாவிட்டால் தூள் சுற்றிலும் சிதறும்; எவ்வளவு புகைந்தாலும் கனல் சேராது. வெட்டுக்குக் கீழே காய்ந்த பனையோலைத் துண்டு ஒன்றை வையுங்கள்.

இடது பாதத்தால் கட்டையை மிதித்து, வலது முழங்காலை ஊன்றி உட்காருங்கள். கொட்டாங்கச்சி பிடித்த கையின் மணிக்கட்டை இடது கணைக்காலோடு ஒட்டிவிடுங்கள். கை ஆடினால் கோல் பறந்துவிடும். வில்லை முனைமுதல் முனைவரை, தரைக்கு இணையாக, நிதானமாக இழுங்கள். குட்டி இழுப்பு மூச்சைத்தான் வாங்கும். புகை வந்ததும் அழுத்தத்தையும் வேகத்தையும் கூட்டி, அடர்ந்த புகைக்குப் பிறகும் இருபது முப்பது இழுப்பு.

என்ன தவறு என்பதைத் தூளே சொல்லிவிடும். வெளிர் பழுப்பாக இருந்தால் அழுத்தமோ வேகமோ போதவில்லை. சொரசொரப்பாகச் சுருண்டு விழுந்தால் அழுத்தம் அதிகம். கருத்து, பஞ்சுபோல மெத்தென்று இருந்தால் சரி. கீச்சென்று சத்தம் வந்து குழி பளபளத்தால் மரம் மெருகேறிவிட்டது. சுரண்டிவிட்டு ஒரு சிட்டிகை மணல் போடுங்கள்.

கோலை மெல்ல எடுங்கள். அதற்குப் பிறகும் தூள் தானாகப் புகைந்தால் கனல் பிறந்துவிட்டது. உடனே ஊதாதீர்கள், தூள் இன்னும் இறுகவில்லை. கையால் விசிறி ஒரு நிமிடம் விடுங்கள். பிறகு தேங்காய் நாரைக் கசக்கிக் குருவிக்கூடுபோலச் செய்து, நடுவில் கனலைக் கொட்டி, லேசாக மூடி, முகத்துக்குச் சற்று மேலே தூக்கி நீளமாக ஊதுங்கள். இலவம்பஞ்சைக் கொஞ்சமாக வையுங்கள். பக்கென்று பற்றி அணைந்துவிடும், தாங்குவது நார்தான்.

பழக்கமெல்லாம் சருகில்லாத பொட்டல் தரையில், பக்கத்தில் ஒரு குடம் தண்ணீரோடு. காட்டுக்குள் வேண்டாம், அதுவும் மாசிமுதல் வைகாசிவரை கூடவே கூடாது.

வேலை முடிந்ததும் கோலையும் கட்டையையும் அடுப்புக்கு மேலே பரணில் வையுங்கள். புறநானூற்றின் 315ஆம் பாட்டில் ஞெலிகோல், அதாவது தீக்கடைகோல், கூரையின் இறவாரத்தில் செருகியிருக்கிறது. ஐப்பசி மழையிலும் அது நனையாது.