கம்பிச் சுருள் இல்லாமல் ஒரு இண்டக்டர்

1000 ஹெர்ட்ஸ் பக்கம் உள்ள ஒலியை மட்டும் அமுக்க ஒரு ஃபில்டர் கட்டுவோம். 47 நானோ ஃபாரட் கபாசிட்டரை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால், துணைக்கு 0.47 ஹென்றி இண்டக்டர், அதாவது கம்பிச் சுருள், கேட்கிறது. அதைச் சுற்றி முடிப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். பக்கத்தில் டிரான்ஸ்பார்மர் இருந்தால் அதன் இரைச்சலும் சுருளுக்குள் ஏறும்.

அதற்குப் பதில் ஜைரேட்டர் போடலாம்: கபாசிட்டரை வைத்தே இண்டக்டர்போல நடந்துகொள்ளும் சுற்று இது. இந்தக் கருத்தை 1948இல் வெளியிட்டவர் பிலிப்ஸ் ஆய்வகத்தின் பெர்னார்ட் டெல்லெகன்.

முதலில் டி.எல்.072 ஐசியை பிரெட்போர்டில் செருகுங்கள்; அதற்குள் ஆப்-ஆம்ப் எனப்படும் பெருக்கிகள் இரண்டு இருக்கின்றன. இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து, நடு இணைப்பைத் தரையாக வையுங்கள். 8ஆம் காலுக்குப் பிளஸ், 4ஆம் காலுக்கு மைனஸ். 1, 2 கால்களை ஒன்றாக இணையுங்கள். 3ஆம் காலிலிருந்து தரைக்கு 100 கிலோ ஓம். பிறகு ஒரு காலி வரிசையை 'அ' என்று வைத்துக்கொள்ளுங்கள். 'அ'விலிருந்து 3ஆம் காலுக்கு 10 நானோ ஃபாரட், 1ஆம் காலுக்கு 470 ஓம். பயன்படாத பாதியைச் சும்மா விடாதீர்கள்: 5ஐத் தரையிலும் 6ஐ 7இலும் இணையுங்கள்.

இப்போது 'அ'வுக்கும் தரைக்கும் நடுவே ஒரு இண்டக்டர் இருப்பதுபோலச் சுற்று நடந்துகொள்ளும். எப்படி? 'அ'வில் வோல்டேஜ் திடீரென்று ஏறினால், கபாசிட்டர் அதை அப்படியே 3ஆம் காலுக்குக் கடத்துகிறது. ஆப்-ஆம்பின் வெளியீடான 1ஆம் காலும் உடனே அதே அளவுக்கு ஏறுகிறது. 470 ஓமின் இரு முனையிலும் ஒரே வோல்டேஜ். அதனால் கரண்ட் ஓடாது. கபாசிட்டர் சார்ஜ் ஆக ஆக வெளியீடு இறங்கும், கரண்ட் மெல்ல ஏறும். சுருளின் குணமும் இதுதான். இந்த இடம் புரிந்துவிட்டால் மீதியெல்லாம் பெருக்கல் கணக்கு: 470 ஓம் × 1,00,000 ஓம் × 10 நானோ ஃபாரட் = 0.47 ஹென்றி. அந்த 470 ஓம், சுருளின் கம்பித் தடைபோலவும் வேலை செய்யும்.

சரி, ஃபில்டருக்கு வருவோம். சிக்னலை 4.7 கிலோ ஓம் வழியாக 'ஆ' என்ற வரிசைக்குக் கொண்டுவாருங்கள். 'ஆ'வையும் 'அ'வையும் 47 நானோ ஃபாரட்டால் இணைத்து, 'ஆ'விலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு எடுங்கள். ஃபோன் டோன் ஆப்பில் 500இலிருந்து 2000 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றினால், 1070 பக்கத்தில் ஒலி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக விழும்.

ஒலி விழும் இந்தப் பள்ளத்தை நகர்த்த, 100 கிலோ ஓமை எடுத்துவிட்டு 47 கிலோ ஓமும் 100 கிலோ ஓம் பொடென்ஷியோமீட்டரும் (திருப்பினால் தடை மாறும் பாகம்) தொடராகப் போடுங்கள். பொடென்ஷியோமீட்டரைத் திருப்பினால் பள்ளம் 880 முதல் 1560 ஹெர்ட்ஸ் வரை நகரும்.