குறை லைனிலா, வைஃபையிலா? வீட்டு இணைய வேகத்தை நீங்களே அளந்து பாருங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டில் ரவுட்டர் வாசலோடு இருக்கிறது, நான் வேலை செய்யும் அறையோ கடைசியில். இரவில் லண்டனில் இருக்கும் அக்காவுடன் வீடியோவில் பேசினால் படம் நின்றுவிடும், குரல் மட்டும் விட்டு விட்டு வரும். கம்பனிக்கு போன் எடுத்து ஏச முதல், குறை எங்கே என்று அளந்து பார்ப்பது நல்லது. பத்து நிமிட வேலைதான்.

முதலில் டேட்டா மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கேஜில் உள்ள ஜிபி முடிந்திருந்தால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். பிறகு எதை அளந்தும் பயனில்லை.

சரி, வீட்டில் மற்றவர்களைக் கொஞ்ச நேரம் இணையம் பாவிக்காமல் இருக்கச் சொல்லுங்கள். லாப்டொப்பை லேன் கேபிளால் ரவுட்டரில் நேரே பொருத்தி, வைஃபையை நிறுத்திவிட்டு, ஸ்பீட்டெஸ்ட் தளத்தைத் திறந்து ஓட விடுங்கள். டவுன்லோட், அப்லோட், பிங் (சேர்வருக்குப் போய்த் திரும்பி வர எடுக்கும் நேரம்) மூன்றையும் எழுதி வையுங்கள். லைனில் வரும் உண்மையான வேகம் இதுதான். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு (விநாடிக்கு 100 மெகாபிட்) மேற்பட்ட பக்கேஜ் எடுத்தும் 95க்குள்ளேயே நிற்கிறதா? ரவுட்டரின் லேன் போர்ட் பழைய வகையாக இருக்கலாம், அதையும் பாருங்கள்.

அப்புறம் கேபிளைக் கழற்றி, ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று வைஃபையில் ஒருமுறை, வழமையாக இருக்கும் அறையில் ஒருமுறை அளந்து பாருங்கள். எனக்குக் கேபிளில் 92, ரவுட்டர் பக்கத்தில் 85, அறையில் வெறும் 11. லைனில் குறையே இல்லை! 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வரும் வைஃபை வேகமானது, ஆனால் சுவர்களைத் தாண்டும்போது வலுவிழந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தூரம் போகும். ஆனால் ஃபிளாட் முழுக்க எல்லா வீட்டு ரவுட்டரும் அதிலேதான் நெருக்குப்படும்.

ஒரு கணக்கை மட்டும் மறக்க வேண்டாம். டெஸ்ட் காட்டுவது மெகாபிட், டவுன்லோட் ஆகும் ஃபைலின் அளவு மெகாபைட். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் லைனில் விநாடிக்கு 12.5 எம்பிதான் இறங்கும். ஏமாற்றிவிட்டார்கள் என்று பலர் நினைப்பது இங்கேதான். அதே கணக்கில், அந்த லைனில் 10 விநாடி அளந்தாலே 125 எம்பி போய்விடும், சும்மா சும்மா அழுத்தாதீர்கள்.

டெஸ்ட் பெரும்பாலும் கொழும்பு சேர்வரையே தெரிவு செய்யும். சிங்கப்பூரை நீங்களே தெரிவு செய்தும் பாருங்கள், பிங் கூடும். வெளிநாட்டோடு பேசும்போது கிடைப்பது அந்த நிலைமைதான்.

கேபிளிலேயே குறைவாக வந்தால், காலையிலும் இரவு எட்டு மணிக்குப் பிறகும் மூன்று நாள் அளந்து, ஸ்கிரீன்ஷொட்டோடு முறையிடுங்கள். வைஃபைதான் காரணமென்றால் ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதிக்கு மாற்றுங்கள். ரவுட்டருக்கு வரும் ஃபைபர் வயரை மட்டும் நீங்களே இழுக்க வேண்டாம், மடிந்தால் உள்ளே முறிந்துவிடலாம், டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். எங்கள் ரவுட்டர் இப்போது ஹோலில் அலமாரிக்கு மேல் இருக்கிறது, அறையில் 48 வருகிறது.