கையைக் கடிக்காமல் ஊழியர்களைப் பாராட்டுவது எப்படி?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சம்பளம் நேரத்துக்கு வராத இடத்தில் கீழே உள்ள எதுவும் எடுபடாது. பாக்கியை வைத்துக்கொண்டு "நீங்கள்தான் இந்த கம்பெனியின் முதுகெலும்பு" என்று மேடை போட்டுப் பேசினால் எரிச்சல்தான் வரும். ஃபிரடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர், பொறியாளர்கள், கணக்காளர்கள் என்று சுமார் 200 பேரிடம் பேசி 1959இல் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: சம்பளமும் வேலைச் சூழலும் மோசமாக இருந்தால் கசப்பு வரும், ஆனால் அவை சரியாக இருப்பதால் மட்டும் உற்சாகம் வந்துவிடாது. ஒரு வேலையை முடித்துக் காட்டிய திருப்தி, அதை நாலு பேர் கவனித்தது, நம்பிக் கொடுத்த பொறுப்பு, உற்சாகம் வருவது இவற்றிலிருந்துதான். நல்ல வேளையாக இந்த மூன்றுக்கும் பெரிய பட்ஜெட் தேவையில்லை.

சரி, எங்கே ஆரம்பிப்பது? பாராட்டும்போது என்ன செய்தார் என்பதைச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் "குட் ஜாப் டீம்" என்று போட்டு ஒரு கட்டை விரல் படத்தை ஒட்டினால் அது யாருக்குமே போய்ச் சேராது. அதற்குப் பதிலாக, "நேற்று அந்த பில்லில் வரி இரண்டு தடவை ஏறியிருந்ததை நீங்கள் பிடிக்காமல் விட்டிருந்தால் கிளையன்டிடம் நாம் அசடு வழிந்திருப்போம், அவசரத்திலும் ஒரு முறை சரிபார்த்தீர்களே, நன்றி" என்று சொல்லிப் பாருங்கள். தான் செய்ததை ஒருவர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்று அவருக்குப் புரியும். இதை அன்றைக்கோ மறுநாளோ சொல்லிவிட வேண்டும், வருடாந்திர மதிப்பீடு வரை தள்ளிப்போட்டால் அவருக்கே மறந்திருக்கும். எல்லோர் முன்னாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கூசிப்போகிறவர்களும் உண்டு, அவர்களுக்குத் தனியாக இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும்.

அடுத்தது நேரம். ராத்திரி வரை உட்கார்ந்து முடித்துக் கொடுத்தவரை மறுநாள் மதியத்துக்கு மேல் வந்தால் போதும் என்று சொல்லுங்கள். அந்த அரை நாளை லீவுக் கணக்கில் கழித்துவிட்டால் செய்த நல்லது அங்கேயே கெட்டது. ஷிப்ட் வேலை என்றால், அடுத்த வாரம் எந்த ஷிப்ட் வேண்டும் என்று முதலில் அவரைக் கேட்கலாம்.

பொறுப்பு கொடுப்பதும் பாராட்டுதான். வேலையைச் செய்தவரே அதை மேலிடத்துக்கோ கிளையன்டுக்கோ விளக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். கீழே உள்ளவரின் உழைப்பைத் தன் பெயரில் காட்டும் மேனேஜருக்கு எந்தப் பாராட்டுத் திட்டமும் உதவாது.

"மாதத்தின் சிறந்த ஊழியர்" போட்டோ மாட்டுவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஒன்று, அதே இரண்டு மூன்று பேர் மாறி மாறி வாங்குவார்கள், இல்லாவிட்டால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாதென்று வரிசையாக எல்லோருக்கும் போகும், அப்புறம் அதற்கு மதிப்பேது? முன்கூட்டியே அறிவித்த பரிசில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 1973இல் வெளியான ஓர் ஆய்வில், படம் வரைவதை விரும்பிய சின்னக் குழந்தைகளில் பரிசு உண்டென்று சொல்லி வரையவைத்தவர்கள் பிற்பாடு அதில் ஆர்வம் குறைந்து போனார்கள், எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களுக்கு அப்படி ஆகவில்லை. குழந்தைகளையும் அலுவலகத்தையும் அப்படியே ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் சின்ன பரிசு கொடுப்பதென்றால் சொல்லாமல் கொடுப்பதே மேல்.

கடைசியாக, ஒரு நோட்டில் யாரை எப்போது எதற்காகப் பாராட்டினீர்கள் என்று குறித்து வையுங்கள். இன்கிரிமென்ட் பேசும்போது உதவும். அதைவிட முக்கியம், ஒருவர் பெயர் ரொம்ப நாளாக வரவே இல்லை என்பது தெரிந்துவிடும். பெரும்பாலும் அவர் ஸ்டோரைப் பார்ப்பவராகவோ இரவு ஷிப்டில் இருப்பவராகவோ, எதுவும் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வதாலேயே கண்ணில் படாதவராகவோ இருப்பார். அவர் வேலை செய்யும் இடத்துக்கே போய், இந்த வாரம் எது சிரமமாக இருந்தது என்று கேளுங்கள்.