எரியாத எல்இடி பல்புகளை ஊர்கூடிச் சரிசெய்வது எப்படி

9 வாட் எல்இடி பல்பு அணைந்துபோனால், பெரும்பாலும் உள்ளே கெட்டிருப்பது ஒளி தரும் சிறு சிப்புகளில் ஒன்றே ஒன்றுதான். சிப்புகள் தொடர் இணைப்பில் இருப்பதால், ஒன்று அறுந்தாலே எல்லாம் இருண்டுவிடும். 2015 ஜனவரியில் தொடங்கிய, மத்திய அரசின் எல்இடி பல்பு வழங்கும் உஜாலா திட்டத்தில் மட்டும் நாடெங்கும் 36 கோடிக்கும் அதிகமான பல்புகள் வீடுகளுக்குப் போயிருக்கின்றன. தனியாக ஒருவர் பழுதுபார்க்க உட்கார்ந்தால் மாற்றுச் சிப் கிடைக்காமல் நின்றுவிடுவார். தெருக்காரர்கள் மாதம் ஒருமுறை கூடி, கெட்ட பல்புகளை ஒரே மேசையில் கொட்டினால் அந்தக் குவியலே உதிரிபாகக் கடை ஆகிவிடும். 40, 50 பல்புகள் சேர்ந்த பிறகு தொடங்குங்கள். வாரண்டி மீதமுள்ளதைப் பிரிக்காமல் கடைக்கே அனுப்பிவிடுங்கள்.

முதலில் பாதுகாப்பு. வீட்டு மின்சாரத்தைச் சிப்புகளுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிரைவர் போர்டு பல்புக்குள் இருக்கும்; பெரும்பாலானவற்றில் வீட்டு லைனிலிருந்து பிரித்துவைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் தடுப்பு கிடையாது. மின்சாரம் ஓடும்போது சிப்புகள் பதிந்த தகட்டின் எந்த இணைப்பைத் தொட்டாலும் 230 வோல்ட்டைத் தொட்டதாகவே கணக்கு. அணைத்த பிறகும் உள்ளே இருக்கும் 400 வோல்ட் கண்டன்சரில் 325 வோல்ட் வரை தேங்கியிருக்கலாம். 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை இன்சுலேட் செய்த இடுக்கியால் பிடித்து, கண்டன்சரின் இரு கால்களிலும் சில விநாடிகள் வையுங்கள். சோதனைக்கு 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் இணைத்த சீரியஸ் போர்டு கட்டாயம். உள்ளே ஷார்ட் இருந்தால் குண்டு பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், எதுவும் வெடிக்காது.

வெள்ளை மூடியின் விளிம்பில் தட்டையான பிளேடை நுழைத்துச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினால் கழன்று வரும். கெட்ட சிப்பின் மஞ்சள் பரப்பில் பெரும்பாலும் ஒரு கரும்புள்ளி தெரியும். தெரியாவிட்டால் டிவி மெக்கானிக்குகள் எல்இடிகளை எரியவைத்துப் பார்க்க வைத்திருக்கும் பேக்லைட் டெஸ்டரால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். இங்கே மல்டிமீட்டரை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். சிப்புகள் 3, 6, 9, 18 வோல்ட் என்று பல வகை. மீட்டரின் டயோடு நிலை 3 வோல்ட் சிப்பைத்தான் மங்கலாக எரிய வைக்கும். மற்றவை நன்றாக இருந்தாலும் செத்ததுபோலவே காட்டும்.

கெட்ட சிப்பின் இரு முனைகளையும் ஈயத்தால் இணைத்துவிடுவது குறுக்குவழி. காயில் (கம்பிச்சுருள்) உள்ள தனி டிரைவர் போர்டு இருந்து, சிப்புகளும் ஒன்பது அல்லது அதற்கு மேல் இருந்தால், ஒன்றுக்கு மட்டும் இது சரி. கரண்டைக் கட்டுப்படுத்தும் டிரைவர் ஐசி, சிப்புகள் உள்ள தகட்டிலேயே இருக்கும் பல்பில் செய்யாதீர்கள். மிச்சப்படும் வோல்டேஜ் அந்த ஐசியின் தலையில் விழும். சூடேறி அதுவும் போய்விடும். அங்கே சிப்பை மாற்றுவதே வழி.

அலுமினியத் தகடு சூட்டை உறிஞ்சிவிடுவதால் 25 வாட் சால்டரிங் அயர்ன் அங்கே திணறும். துணிக்கு இனி பயன்படுத்தாத பழைய அயர்ன் பாக்ஸை அசையாமல் கவிழ்த்து வைத்து, முழுச் சூட்டில் தகட்டை அதன்மேல் வையுங்கள். சிப்பின் ஓரத்தில் ஃப்ளக்ஸும் (ஈயம் பிடிக்க உதவும் பசை) கொஞ்சம் 63/37 ஈயமும் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்) வைத்தால் சீக்கிரம் இளகும். சாமணத்தால் கெட்டதை எடுத்துவிட்டு, அதே வோல்ட், அதே அளவுள்ள சிப்பை, பழையது இருந்த திசையிலேயே வையுங்கள். திசை மாறினால் எரியாது. ஜன்னல் திறந்திருக்கட்டும், ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் டீயைத் தொடவேண்டாம்.

சிப்புகள் எல்லாம் நன்றாக இருந்தும் எரியவில்லையா? நுழைவாயிலில் இருக்கும் சிறு ரெசிஸ்டர் ஃபியூஸ் போலவும் வேலை செய்யும், அது அறுந்திருக்கலாம். அறுந்த இடத்தில் கம்பியைப் போடாதீர்கள். அது அறுந்ததற்குக் காரணம், ஏசியை டிசியாக மாற்றும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் ஷார்ட் ஆனதாக இருக்கலாம், அதை முதலில் பாருங்கள். விட்டுவிட்டு மினுக்கினால் உப்பிய கண்டன்சரைச் சந்தேகப்படுங்கள். அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி வகை போடவேண்டும். சுவிட்சை அணைத்தும் லேசாக எரிகிறது என்று கொண்டுவரப்படும் பல்பில் பெரும்பாலும் கோளாறே இருக்காது. அந்த வீட்டில் சுவிட்ச் ஃபேஸுக்குப் பதில் நியூட்ரலில் மாட்டப்பட்டிருக்கலாம். எலக்ட்ரீஷியனை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள், அது ஆபத்தான வயரிங்.

சிப்பைக் கொல்வது சூடு. அதனால் சரிசெய்ததை அப்படியே மூடிவிடாமல் கரண்டைக் குறைத்துவிடுவது நல்லது. பல டிரைவர்களில் ஐசிக்குப் பக்கத்தில் இணையாக இரண்டு சிறு ரெசிஸ்டர்கள் இருக்கும். உதாரணமாக 2.2 ஓம், 6.8 ஓம். பெரிய மதிப்புள்ளதை எடுத்துவிட்டால் கரண்ட் முக்கால் பங்காகும். வெளிச்சம் கொஞ்சம்தான் குறையும், ஆயுள் நன்றாகவே கூடும்.

டிரைவர் மீளாத பல்பின் சிப்புகளை வீணாக்கவேண்டாம். 9 வோல்ட் சிப் ஒவ்வொன்றுக்கும் தனியாக 56 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் போட்டு, அலுமினியத் தகட்டோடு 12 வோல்ட் பேட்டரியில் இணைத்தால் மின்தடை விளக்கு தயார். பேட்டரிக்கு அருகில் 1 ஆம்ப் ஃபியூஸ் வையுங்கள்.

மிஞ்சும் அலுமினியத்தைப் பழைய இரும்புக் கடைக்கும், போர்டுகளை மாசுக்கட்டுப்பாட்டு வாரிய அங்கீகாரம் பெற்ற மின்கழிவு நிறுவனத்துக்கும் கொடுங்கள். சரிசெய்த பல்பை சீரியஸ் போர்டில் முதலில் எரியவிட்டு, பிறகு மூடியை சிலிகானால் ஒட்டிக் காயவைத்து, நேரடி இணைப்பில் ஒரு மணி நேரம் எரியவிடுங்கள். கழுத்தில் தேதியையும் செய்த வேலையையும் மார்க்கரால் எழுதுங்கள்; திரும்பி வந்தால் எதிலிருந்து தொடங்குவது என்று அடுத்தவருக்குத் தெரியும்.